நிறைக்கு நிறை பாண்

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகுதான் றீற்றாவின் கனவுகளில் பாண் வரத் தொடங்கியது.

துறைமுக வாயால் கப்பல்கள் உள்ளே வருவதைப் போல அவை வந்தன. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தவை போல, பொன்னிற முதுகுள்ள பெரிய பாண்கள். தண்ணீரில் நனையாமல், சத்தமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வரும். அவளுடைய கணவர் பற்றிக் வேலை செய்யும் இழுவைப் படகு அவற்றின் பக்கத்தில் ஓடி, ஒவ்வொன்றையும் மெல்லத் தள்ளிக் கரையடியில் கொண்டுவந்து நிறுத்தும். சூடான பாணின் மணத்தில் கடலே ஒரு நிமிடம் உப்பை மறந்துவிடும். றீற்றா கரையில் நிற்பாள். கை நீட்டினால் தொடலாம். அவள் நீட்டுவதில்லை. கனவிலும் அவளுக்குப் பயம்.

றீற்றாவுக்கு நாற்பத்தாறு வயது. ஒரு பாடசாலை நூலகத்தில் வேலை. சென்ற ஐப்பசியில் அவளுடைய நிறை நூற்றுப் பதினெட்டுக் கிலோ. முழங்கால் இரண்டும் போய், சீனி வருத்தம் ஏறி, நூலகத்தின் நாலு படி ஏறவே மூச்சு வாங்கியபோது, கொழும்பில் ஒரு மருத்துவர் இரைப்பையைச் சிறிதாக்கிவிடலாம் என்றார். வாழைப்பழ அளவைக் கையால் காட்டி, "இனி உங்களுக்கு இவ்வளவுதான்" என்றார். சிகிச்சை முடிந்ததும் வயிற்றுக்குத் தண்ணீர் முதலில் ஒத்துவரும், பிறகு கஞ்சி, பிறகு மீன், முட்டை, சோறு. "பாண் கடைசியாக வரும். சிலருக்கு வராமலே போகும்."

றீற்றாவுக்கு அது வரவில்லை.

மென்மையான பாண் உள்ளே போனதும் மறுபடியும் பிசைந்த மாவாகிவிடும். நெஞ்செலும்புக்குக் கீழே யாரோ கைமுட்டியை வைத்து அழுத்துவது போல இருக்கும். வாயில் நுரை ஊறும். உலகம் அந்த ஓர் இடத்தில் சுருங்கி நிற்கும். பிறகு போனது வந்த வழியே திரும்பி வரும். எட்டு மாதத்தில் முப்பத்தெட்டுக் கிலோ குறைந்தது. படி ஏறினாள், சீனி இறங்கியது, முழங்கால் மன்னித்துவிட்டது. பாண் மட்டும் மன்னிக்கவில்லை.

பிள்ளைகள் இல்லாத வீடு அது. பாண் பிய்க்கும் நேரம்தான் அந்த வீட்டின் சந்தடி. மாலை ஆறு மணிக்கு, வீதி வீதியாகப் பாண் விற்கும் சிந்துஜனின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு உட்துறைமுக வீதியால் வரும். பற்றிக் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கேற்றடிக்கு ஓடுவார். இருவரும் குசினியில் எதிரும் புதிருமாக இருந்து சுடச்சுடப் பிய்த்து, தேங்காய்ச் சம்பலில் தொட்டு, அன்றைக்கு வந்த கப்பல்களின் கதையையும் பாடசாலைக் கதையையும் சேர்த்துத் தின்பார்கள். யாருக்குக் கருகிய ஓரம் என்று ஒரு சண்டையும் நடக்கும். இருபது வருடம் அப்படித்தான் போனது.

இப்போது பற்றிக் கேற்றடிக்குப் போவதில்லை. இன்னொன்றையும் றீற்றா கவனித்தாள். சிந்துஜனின் ஆட்டோ பாட்டோடு வரும். அவர்கள் வீட்டு மதிலை அடைந்ததும் பாட்டு நின்றுவிடும். ஒரு சின்ன மௌனம் வாசலைக் கடந்து போகும். அடுத்த வீட்டு முருங்கைக்குப் பக்கத்தில் பாட்டு மறுபடி தொடங்கும். பற்றிக்தான் அப்படிச் சொல்லிவைத்திருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டில் அவர் இரண்டு இடியப்பத்தை அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார். தான் மெலிய மெலிய வீடும் மெலிந்து போவதாக அவளுக்குத் தோன்றியது. பழைய றீற்றாவைத்தான் அவருக்குப் பிடித்திருந்ததோ?

ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு செய்தி சொன்னார். கோவிலால் வந்து, சட்டையைக் கழற்றாமலே கதிரையில் இருந்து, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்.

"றீற்றா, உமக்கு ஒரு விசயம் சொல்லேல்லை. ஒப்பரேஷன் முடிஞ்ச ரெண்டாம் நாள் உமக்கு உள்ளுக்க ரத்தம் கசிஞ்சு, திரும்பக் கொண்டு போனவங்கள் எல்லே. அண்டைக்கு நான் அந்தோனியாருக்கு நேர்ந்தனான்."

"என்ன நேர்ந்தனீங்கள்?"

"நிறைக்கு நிறை பாண்."

கடற்கரையடியில் உள்ள அந்தச் சின்ன அந்தோனியார் கோவிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. நோயில் கிடப்பவருக்காக, அவருடைய நிறைக்குச் சமமான பாண் நேர்வார்கள். அவர் சுகமானதும், ஆனி மாதத் திருநாளன்று பின்னேரம் கோவில் படியில் அவரே நின்று அதைக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் முதல் பாணைப் பிட்டு ஒரு கைப்பிடி தானே தின்ன வேண்டும். நான் சுகமாகிவிட்டேன் என்பதற்கு அதுதான் சாட்சி. அவர் தின்று முடிக்கும்வரை வரிசையில் யாரும் கை நீட்டமாட்டார்கள்.

காய்ச்சலில் கிடந்தவர்களுக்கும், கடலில் தப்பியவர்களுக்கும், கால் முறிந்தவர்களுக்கும் அது பொருந்தும். சாப்பாட்டைக் குறைப்பதற்கென்றே வயிற்றைக் குறைத்தவளுக்காக, தின்று காட்டுவதாக நேர்ந்த மனிதர் அந்தத் துறைமுகத்தில் பற்றிக் ஒருவர்தான்.

"பாதரிட்டச் சொல்லி இந்தமுறைப் பட்டியல்ல பேரும் போட்டாச்சு," என்றார். "இருநூற்றி அறுபத்திரெண்டு இறாத்தல் பாண். ஒரு இறாத்தல் பாண் நானூற்றைம்பது கிராம் எண்டு கணக்குப் பாத்தனான்."

"அப்ப என்ர நிறை முழுக் கோவிலுக்கும் தெரியும்."

பற்றிக்கின் முகம் விழுந்துவிட்டது. அதை அவர் யோசித்திருக்கவில்லை. றீற்றாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடேயே, "ஓம், குடுப்பம்" என்று சொல்லிவிட்டாள்.

பாண் உள்ளே போகாது என்று அவள் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், அவள் பாணைக் கண்டால் ஆசைப்படுவாள், டொக்டர் கூடாது என்றிருக்கிறார், ஆகவே கண்ணில் காட்டக் கூடாது என்பதுதான். அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் குனிந்து நின்றதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பாதரிடம் சொன்னால் நேர்த்தியை மாற்றித் தருவார். இரண்டு மெழுகுதிரி போதும் என்பார். ஆனால் கொழும்பு ஆஸ்பத்திரியில், அறுவைச் சிகிச்சை அறையின் பச்சைக் கதவுக்கு வெளியே, தனியாக நின்று அழுதுகொண்டு ஒரு மனிதர் கொடுத்த வாக்கு அது. அதை அவளுடைய வாயாலேயே செல்லாது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பாடசாலை விட்டதும் அவள் ஜவாஹிர் நானாவின் பேக்கரிக்குப் போகத் தொடங்கினாள். ஜவாஹிருக்கு ஊர் கிண்ணியா. தினமும் பாலம் கடந்து வந்து பட்டணத்தில் அடுப்பு மூட்டுகிறவர். நெற்றியில் தொழுகைத் தழும்பும், முழங்கைவரை மாவுமாக இருப்பார். அவருடைய பாணில் ஒரு கருகல் புள்ளியைக்கூட யாரும் கண்டதில்லை. கருகியதை அவர் விற்கமாட்டார், வீட்டுக்கும் கொண்டுபோகமாட்டார். தன் கண்முன்னே ஒரு கருகிய பாண் கிடப்பதையே தாங்கமாட்டாதவர்.

"என்ன தங்கச்சி, கனகாலம்," என்றார் முதல் நாள். "ஆளையே தெரியல்ல. பாதி ஆள் வந்திருக்கீங்க. மத்தப் பாதி எங்க?"

"கொழும்பில விட்டுட்டு வந்தனான் நானா. ஒரு பணிஸ் தாங்கோ."

"ஒண்டா?"

"ஒண்டே எனக்குக் கூட."

சின்ன உருண்டைப் பாணான அந்தப் பணிஸை எடுத்துக்கொண்டு அவள் கடலோர மதிலடிக்குப் போவாள். அங்கே வேம்பின் நிழலில், பட்டணத்தில் ஆட்களோடு பழகித் திரியும் மான்கள் படுத்திருக்கும். தென்மேற்குக் கச்சான் காற்று தரையிலிருந்து சூடாக வந்து, துறைமுகத்துத் தண்ணீரைத் தடவி, கூசச் செய்துவிட்டுப் போகும். அவள் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டு முப்பது தரம் மெல்லுவாள். மென்று முடிப்பதற்குள் மனதில் அருள்நிறை மரியே செபம் இரண்டு தரம் ஓடும். எதிரே கப்பல் ஒன்று அசையாமல் நிற்கும். கண்ணை மூடினால் தானும் தண்ணீரில் மிதப்பது போல இருக்கும். விழுங்குவாள். காத்திருப்பாள்.

சில நாள் முதல் கிள்ளு போகும். இரண்டாவது ஒருநாளும் போகவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றுவிட்டு நிமிரும்போது, ஒரு மான் அவள் கையிலிருக்கும் மிச்சப் பணிஸைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அவள் கொடுப்பாள். அது ஒரே விழுங்கில் விழுங்கும்.

"உனக்கு எவ்வளவு லேசு," என்பாள்.

ஆனி பிறந்தது. மான்கள் அவளைக் கண்டதும் எழுந்து வரத் தொடங்கியிருந்தன. இரண்டாவது கிள்ளு இன்னும் போகவில்லை.

திருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கையில் நூலகம் நேரத்துக்கு முன்பே மூடப்பட்டது. வழக்கத்துக்கு மாறாக, பேக்கரியின் பக்கத்து ஒழுங்கையால் வந்தாள் றீற்றா. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே, மா மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மர வாங்கில் பற்றிக் உட்கார்ந்திருந்தார். கையில் அரை இறாத்தல் சூடான பாண். வெறுந்தேத்தண்ணியில் தோய்த்து, தலையைக் குனிந்து, களவெடுத்தவரைப் போல அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தார்.

றீற்றா அசையாமல் நின்றாள். சட்டைப் பையில் அடிக்கடி கண்ட பாண் துகள்கள், இரவில் பசியில்லாமல் எழுந்து போன மனிதர், வாசலைக் கடந்துபோன மௌனம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு விடையைச் சொன்னது. என்னோடு இருந்து தின்ன அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் திரும்பிப் போயிருப்பாள். அதற்குள் ஜவாஹிர் தட்டுக்களோடு வந்து அவளைக் கண்டுவிட்டார்.

"யா அல்லாஹ்," என்றார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்திலயா?"

பற்றிக் நிமிர்ந்தார். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கன்னம் உப்பிக்கொண்டு நின்றது.

"எத்தினை நாளா?" என்றாள் றீற்றா.

பதில் ஜவாஹிரிடமிருந்து வந்தது. "மார்கழியில இருந்து. வீட்டுல தின்னா ஒங்களுக்கு ஆசை வருமாம். மணத்தக்கூட கொண்டுபோகக் கூடாதெண்டு இங்க முகம் கழுவிட்டுத்தான் போறாரு. நானும் யாருக்கும் சொல்லல்ல. ஒங்கட பணிஸ் கதையையும் இவருக்குச் சொல்லல்ல. மாவப் பிசையறதவிட ஒங்க ரெண்டு பேரையும் மறைக்கிறதுதான் எனக்கு வேலையாப் போச்சு."

"என்ன பணிஸ் கதை?" என்றார் பற்றிக், ஒருவழியாக விழுங்கிவிட்டு.

றீற்றா மா மூட்டையில் சாய்ந்துகொண்டாள். எட்டு மாதமாகச் சொல்லாததை அங்கே, அடுப்பின் வெக்கையில், சொன்னாள். நெஞ்சில் நிற்கும் கைமுட்டியைச் சொன்னாள். கிணற்றடியைச் சொன்னாள். மான்களைச் சொன்னாள். "எனக்கு ஆசை இல்லையப்பா. ஆசை இருந்தாலும் பறவாயில்லை. போகுதில்லை. ஒரு கைப்பிடி என்ன, ரெண்டு கிள்ளு போகாது."

பற்றிக் கையிலிருந்த பாணைப் பார்த்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார்.

"நான் என்ன வேலை செய்து வைச்சிருக்கிறன்," என்றார் மெதுவாக. "இண்டைக்கே பாதரிட்டப் போறன். நான்தானே நேர்ந்தனான், நானே தின்னுறன் எண்டு சொல்லுறன்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? உமக்கு ஏதும் நடந்தா?"

"நான் சுகம் எண்டு நான்தான் சொல்லவேணும். நீங்கள் எனக்காக அழுத அழுகைக்கு நான் இன்னும் ஒண்டும் குடுக்கேல்லை. இதையாவது குடுக்கிறன்."

பற்றிக் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையில் பாண் துகள் இருந்ததால் கண் இன்னும் சிவந்தது.

ஜவாஹிர் தட்டைக் கீழே வைத்தார். "தங்கச்சி, ரஸ்க் போகுதா ஒங்களுக்கு?"

"கொஞ்சம் போகும் நானா. மொறுமொறுப்பா இருந்தா மாவாகி நிக்காது. ஆனா கோவில்ல குடுக்கிறது ரஸ்க் இல்லையே. பாண்."

"ஓம், பாண்தான்," என்றார் அவர். அடுப்பின் வாயைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

திருநாளன்று பின்னேரம் கச்சான் காற்று கோவில் கொடிகளைப் படபடக்க வைத்தது. பூசை முடிந்து சனங்கள் மணலில் வரிசையாக நின்றார்கள். நிலாவெளிப் பக்கமிருந்தும் வெருகலில் இருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள் இருந்தார்கள். அந்தோனியார் பாணுக்கு யாரும் எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. முக்காட்டோடு நாலைந்து பெண்களும், திருநீற்றோடு சிலரும் நின்றார்கள். வரிசையின் முன்னால் நின்றவள் றெஜினா. கோவில் காரியமெல்லாம் அவள் தலையில்தான். வாயும் அப்படித்தான்.

"நூற்றுப் பதினெட்டெண்டு இப்பதான் பிள்ளை தெரியும்," என்றாள் றீற்றாவைப் பார்த்து. "நான் நூறுக்குள்ள எண்டு நினைச்சனான்."

"உங்களுக்கு நேர்ந்தா எத்தினை பாண் வேணும் அக்கா?"

"எனக்கு ஆர் நேருறது? என்ர மனிசன் எனக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தாது."

வரிசை சிரித்தது. அப்போது ஜவாஹிரின் வான் வண்டி வந்து நின்றது. கூடை கூடையாகப் பாண் இறங்கியது. ஒவ்வொன்றும் அவருடைய கைக்கே உரிய பொன்னிறம். கடைசியாக, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பாணை அவரே இரு கைகளாலும் கொண்டுவந்து றீற்றாவின் முன்னால் வைத்தார்.

"இது முதல் பாண், தங்கச்சி."

துணியை விலக்கியபோது வரிசையின் முன்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாண் நன்றாகக் கருகியிருந்தது. மேலே மண்ணிறம் தாண்டிக் கறுப்பு. பக்கங்கள் வெடித்து, பனையோலை போலக் காய்ந்து கிடந்தது.

"என்ன நானா இது?" என்றாள் றெஜினா. "கோவிலுக்கெண்டு இப்பிடியே குடுக்கிறது? முதல் பாணே கரிக்கட்டை."

"கைப்பிழை," என்றார் ஜவாஹிர். "அடுப்பில வச்சிட்டு மறந்துட்டன்."

"ஜவாஹிர் நானாவுக்கும் நித்திரை வரத் தொடங்கிற்று போல," என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்து, கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டு, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.

றீற்றா அந்தப் பாணைத் தொட்டாள். அது கல்லைப் போல லேசாகச் சத்தமிட்டது. உள்ளே ஈரம் இருக்காது என்று அவளுக்கு அப்போதே விளங்கியது. முந்தின நாளே சுட்டு, ஆறுகிற அடுப்பில் திரும்பத் திரும்பக் கிடத்தி, இப்படிக் காயவைத்திருக்கிறார். ஒரு கருகிய பாணைக் கண்முன் காணச் சகிக்காத மனிதர், அத்தனை சனத்தின் முன்னால் தன் பெயரில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிழை என்னுடையது என்று சொல்லிப் போகிறார். உடம்பு சுகமாவது மருந்தால் மட்டும் நடப்பதில்லை என்று அவள் பலதரம் செபத்தில் சொல்லியிருக்கிறாள். அதை அன்றைக்குத்தான் கையில் பிடித்துப் பார்த்தாள்.

அவள் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு பாணைப் பிட்டாள். சுள்ளி முறிவதுபோல முறிந்தது. ஒரு கைப்பிடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பற்றிக் அவளுக்குப் பக்கத்தில், ஒரு படி கீழே நின்றார்.

முதல் கிள்ளு. முப்பது தரம் மென்றாள். தூள் தூளாக உதிர்ந்து, கஞ்சிபோலக் கரைந்து போனது. காத்திருந்தாள். கைமுட்டி வரவில்லை.

இரண்டாவது. மதிலடியில் ஒருநாளும் போகாத இரண்டாவது. அவள் கண்ணை மூடினாள். போனது.

மூன்றாவதில் நின்றுவிட்டது.

அவளுக்கு உடனே தெரிந்தது. நெஞ்செலும்புக்குக் கீழே அந்தப் பழைய கை வந்து அழுத்தியது. வாயில் உமிழ்நீர் ஊறத் தொடங்கியது. கண் திறந்தபோது எதிரே இருநூறு முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றன. வெயில் சாய்ந்திருந்தாலும் மணல் சுட்டது. யாரோ ஒருவருடைய குழந்தை பாண் கேட்டு அழுதது. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. நின்றதை மேலும் தள்ளினால் அத்தனை பேருக்கும் முன்னால், அந்தோனியாருக்கு முன்னால், எல்லாம் திரும்பி வந்துவிடும்.

"மெல்லமா," என்றார் பற்றிக், அவளுக்கு மட்டும் கேட்க. பெரிய கப்பலைத் துறைமுக வாயால் எடுக்கும்போது படகில் சொல்லுகிற குரல் அது. "அவசரம் ஒண்டுமில்லை. இடிக்காது. காத்து விழட்டும். மெல்லமா."

அப்போது றெஜினா சத்தமாகச் சொன்னாள். "எனக்குக் கால் உளையுது. நான் இருக்கப்போறன்."

சொன்னபடியே மணலில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். படியின் பக்கம் முதுகைத் திருப்பி, பின்னால் நின்றவளிடம், "நீயும் இரடி. இண்டைக்கு என்ன மீன் பட்டதாம்?" என்று கேட்டாள். பின்னால் நின்றவள் இருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவரும் இருந்தார். காற்றில் நெல் சாய்வதைப் போல வரிசை முழுவதும் ஒவ்வொருவராகச் சாய்ந்து மணலில் இருந்தது. மூட்டை சுமப்பவர்கள் இருந்தார்கள். முக்காட்டுப் பெண்கள் இருந்தார்கள். கடைசியில் ஜவாஹிர் சாரத்தை மடித்துக்கொண்டு இருந்தார். நித்திரை என்று பகிடி விட்டவன் அழுத குழந்தைக்கு மணலில் நண்டு வீடு கட்டிக் காட்டினான்.

ஒருவரும் றீற்றாவைப் பார்க்கவில்லை. மீனைப் பற்றியும், பரீட்சையைப் பற்றியும், பஸ் நேரத்தைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இருநூறு பேர் பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு அன்பு வேண்டும் என்று அவள் நினைத்தாள். அவளும் படியில் மெதுவாக இருந்தாள். கதைகளின் சத்தம் அலைச் சத்தத்தோடு கலந்து, எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. துறைமுக வாயில் ஒரு கப்பல் நின்றது. அது நகர்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு அது உள்ளே வந்திருந்தது.

அந்தக் கை எடுபட்டுவிட்டது. எப்போது எடுபட்டதென்று அவளுக்குத் தெரியாது.

மிச்சமிருந்ததை ஐந்தாகக் கிள்ளினாள். அவசரப்படாமல் தின்றாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்த கரித்தூளையும் நாக்கால் எடுத்தாள். எழுந்து நின்று, வெறுங்கையை உயர்த்திக் காட்டினாள்.

"முடிஞ்சுதோ?" என்றாள் றெஜினா, அப்போதுதான் நினைவு வந்தவள்போல. மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, இரண்டு கையையும் நீட்டினாள். "தா பிள்ளை. நல்ல சூடு ஆறிப்போச்சு, உன்னால." வாங்கும்போது றீற்றாவின் விரல்களை ஒரு தரம் இறுக்கிவிட்டுப் போனாள்.

வரிசை நகர்ந்தது. எல்லோருக்கும் பிறகு ஜவாஹிர் வந்து கை நீட்டினார். றீற்றா பாணை அவருடைய கையில் வைத்தாள்.

"நானா, உங்கட பேரைக் கெடுத்துப்போட்டன்."

"நாளைக்கு நல்ல பாண் சுட்டாப் போச்சு," என்றார். "பேரும் பாண் மாதிரித்தான் தங்கச்சி, தினமும் புதுசாச் சுடவேணும். அந்த மிச்சத்த மட்டும் மறைச்சு வைங்க. கண்ணால பாக்க ஏலாது."

இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தபோது ஆறு மணியாகிக்கொண்டிருந்தது. கருகிய பாணின் மிச்சம் வெள்ளைத் துணியில் றீற்றாவின் கையில் இருந்தது. வீதியின் தூரத்து முனையில் சிந்துஜனின் ஆட்டோப் பாட்டுக் கேட்டது. மதிலடியை அடைந்ததும், வழக்கம்போல, பாட்டு நின்றது.

பற்றிக் கதவைத் திறக்கக் குனிந்தார். றீற்றா வீதிக்குப் போய்க் கை காட்டி ஆட்டோவை மறித்தாள்.

"தம்பி சிந்துஜன், என்ன பாட்டை நிப்பாட்டிப்போட்டீர்?"

அவன் பற்றிக்கைப் பார்த்தான். "அண்ணைதான் அக்கா, இந்த வாசல்ல..."

"அண்ணை சொன்னது முடிஞ்சுது. பாட்டைப் போடும். ஒரு ரோஸ் பாண் தாரும், நல்ல மொறுமொறுப்பா."

குசினியில் அவர் எதிரே இருந்து பிய்த்தார். முதலில் வெட்கமாக, பிறகு பழைய பசியோடு. றீற்றா தன் சின்னக் கோப்பையில் மீன்சாறை வைத்துக்கொண்டு, தேக்கரண்டியால் மெல்ல மெல்லக் குடித்தாள். சூடான பாணின் மணம் மேசைக்கு மேலே நின்றது. அது அவளை ஒன்றும் செய்யவில்லை.

"இண்டைக்கு ஒரு கப்பல் வந்தது, கண்டனீரோ?" என்றார் பற்றிக், வாயில் பாணோடு.

"கண்டனான். கன நேரம் நிண்டது."

"ஓம். இழுக்கேக்க எங்கட ஆக்களுக்குப் பொறுமை வேணும்." அவர் பாணின் ஓரத்தை, நன்றாகச் சிவந்து மொறுமொறுத்த ஒரு விரலகலத்தைக் கிள்ளி, அவளுடைய தட்டின் ஓரத்தில் வைத்தார். "சண்டை பிடிக்காமல் தாறன். வேண்டாமெண்டால் வையும். மான் தின்னும்."

வெளியே பாட்டு அடுத்த வீட்டைக் கடந்து, கடலின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. றீற்றா அந்த ஓரத்தை எடுத்து வாயில் வைத்து, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.